கையெழுத்தா அவகாசமா, இருப்பதா கிளம்புவதா: வேலை போகும் நாட்களின் முடிவுகள்

வேலை போய்விட்டது என்ற சேதியைச் சொல்ல நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் கால் மணிதான். காலண்டரில் விவரம் இல்லாத ஒரு மீட்டிங், வழக்கமான மேலாளரோடு எச்ஆரிலிருந்து இன்னொருவர், மேஜையில் ஏற்கெனவே அச்சிட்டு வைத்த மூன்று நான்கு தாள்கள், யாரும் தொடாத ஒரு தண்ணீர் பாட்டில். சொல்பவர் எழுதி வைத்ததைப் படிக்கிறார். கேட்பவருக்கோ இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் காதில் ஏறுவதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பேனாவை நீட்டுகிறார்கள்.

அன்றைக்கும் அடுத்த சில வாரங்களிலும் ஏழெட்டு முடிவுகள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழியாவது உண்டு. எந்த வழி என்று தடுமாறும்போது இரண்டு கேள்விகள் உதவும். இதைப் பிறகு மாற்ற முடியுமா? இங்கே முடிவெடுப்பது நானா, என் கோபமா? மாற்ற முடியாததைத் தள்ளிப்போட வேண்டும், மாற்ற முடிந்ததைச் சட்டென்று செய்துவிடலாம். கோபத்தை அடக்கச் சொல்லவில்லை. அதற்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் அலுவலகம் அல்ல என்பதுதான் விஷயம்.

முதலில் உடம்பைப் பற்றி. கை நடுங்குவது, பசி இல்லாமல் போவது, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டுவது எல்லாம் பலவீனம் அல்ல. தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் 1967-ல் வாழ்க்கை மாற்றங்கள் தரும் அழுத்தத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, திருமணத்துக்கு 50, வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47, ஓய்வு பெறுவதற்கு 45. கல்யாண வீட்டின் அமளிக்குச் சற்றே குறைவான ஒரு பாரத்தைத் தனி ஆளாகச் சுமக்கிறீர்கள், அதுவும் யாரும் வாழ்த்தாமல். இன்னொன்று: துயரத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று வரிசையாக வரும் என்று பலரும் சொல்வார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் சொன்ன அந்தக் கட்டங்கள், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசிக் கண்டவை. வேலை இழந்தவருக்கு அவை வரிசையாக வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. "எனக்கு இன்னும் கோபமே வரவில்லையே" என்று கவலைப்பட வேண்டாம். செவ்வாய்க்கிழமை நிம்மதியாக இருந்துவிட்டு வியாழக்கிழமை பல்லைக் கடிப்பதும் சகஜம்தான்.

கையெழுத்து: அங்கேயே போடுவதா, வீட்டுக்கு எடுத்துப் போவதா

எடுத்துப் போவதுதான். இதில் எதிர்வாதத்துக்கு இடமே இல்லை என்று நினைக்கிறோம். "இன்றே போட்டால்தான் இந்தத் தொகை" என்று சொன்னால்கூட, "படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன், கடைசித் தேதி எது என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள்" என்று கேளுங்கள். கெடு நிஜமாக இருந்தால் அதை எழுதித் தருவதில் அவர்களுக்குச் சிரமம் இருக்காது. எழுதித் தரத் தயங்கினால் அது கெடு அல்ல, அவசரப்படுத்தல்.

ஒரு நுணுக்கம். தாளைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வேறு, அதில் உள்ளதற்குச் சம்மதிக்கும் கையெழுத்து வேறு. முதலாவதை மட்டும் கேட்டால், கையெழுத்துக்குக் கீழே "பெற்றுக்கொண்டேன், சம்மதம் தெரிவிக்கவில்லை" என்று எழுதித் தேதி போட்டு, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவதில் தொகைக்குப் பக்கத்தில் வேறு பல இருக்கும்: வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுப்பது, நிறுவனத்தைப் பற்றித் தவறாகப் பேசமாட்டேன் என்பது, போட்டி நிறுவனத்தில் இத்தனை மாதம் சேரமாட்டேன் என்பது. கடைசியாகச் சொன்னதுதான் அடுத்த வேலையையே பாதிக்கக்கூடியது. ஆனால் கண் போவதென்னவோ தொகைக்குத்தான். தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரோடு ஒரு மணி நேரம் உட்கார ஆகும் செலவு, தாளில் உள்ள அந்த ஒரு நிபந்தனையைப் புரிந்துகொள்வதற்கே தகும்.

அன்று மாலைக்குள் ஒரு மெயில் அனுப்புங்கள். "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இவை, தவறு இருந்தால் திருத்துங்கள்" என்று ஆரம்பித்து, கடைசி வேலை நாள், சம்பளம் எதுவரை, எடுக்காத விடுப்புக்கும் போனஸுக்கும் என்ன கணக்கு, மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது, கடிதத்தில் காரணம் என்னவென்று எழுதப்படும், நாளை வேறு நிறுவனம் விசாரித்தால் யார் என்ன சொல்வார்கள் என்பதையெல்லாம் கேளுங்கள். அதிர்ச்சியில் தலையாட்டியது ஒன்று, இரண்டு வாரம் கழித்து இரு தரப்பும் நினைவில் வைத்திருப்பது வேறொன்று என்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் குளறுபடி.

பேரம் பேசலாமா? பேசலாம், ஆனால் எதைப் பேசினால் நகரும் என்று தெரிந்து பேச வேண்டும். ஒரே நாளில் பல பேரை அனுப்பும்போது தொகை ஒரு சூத்திரப்படி போடப்பட்டிருக்கும், அதை உங்களுக்கு மட்டும் மாற்றுவது கஷ்டம். கடைசித் தேதியைச் சில வாரம் தள்ளுவது, காப்பீட்டை மாதக் கடைசிவரை நீட்டுவது, போட்டி நிறுவன நிபந்தனையைச் சுருக்குவது, பரிந்துரைக் கடிதத்தின் வாசகம், குழுவுக்கு அனுப்பும் அறிவிப்பில் என்ன எழுதுவது, இவையெல்லாம் நகரும். பட்ஜெட்டில் கை வைக்காத எதையும் கேட்பது எளிது.

தானே ராஜினாமா செய்வதா, நீக்கட்டும் என்று விடுவதா

"நீங்களே பேப்பர் போட்டுவிடுங்கள், உங்கள் ரெக்கார்டுக்கு நல்லது" என்பது கரிசனமாகத்தான் ஒலிக்கும். சில சமயம் உண்மையிலேயே கரிசனமாகவும் இருக்கும். ஆனால் பதில் காரணத்தைப் பொறுத்தது.

ஆட்குறைப்பு என்றால் ராஜினாமா செய்யாதீர்கள். பதவியே இல்லாமல் போனதில் உங்களுக்குக் களங்கம் எதுவும் இல்லை. மாறாக, தானாக விலகியவருக்கு இழப்பீடும் வேலையில்லா உதவித்தொகையும் பல நாடுகளில் மறுக்கப்படலாம் அல்லது தாமதமாகலாம். காப்பாற்ற வேண்டிய பெயர் ஒன்றும் கெடாதபோது எதற்குப் பணத்தை விட வேண்டும்?

வேலைத்திறன் போதவில்லை என்பது காரணமாக இருந்தால் கணக்கு மாறும். அதே தொகையையும், நடுநிலையான வாசகம் கொண்ட சான்றிதழையும் எழுத்தில் தந்தால் ராஜினாமா நல்ல வழி. பிற்காலத்தில் விண்ணப்பப் படிவங்களில் "எப்போதாவது பணிநீக்கம் செய்யப்பட்டீர்களா" என்ற கட்டத்தில் "இல்லை" என்று கூசாமல் எழுதலாம். எழுத்தில் தரவில்லை என்றால் அந்த வாக்குறுதிக்கு மதிப்பில்லை. சொன்னவரே ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார்.

முறைகேடு என்று குற்றச்சாட்டு இருந்தால், சட்ட ஆலோசனை கேட்காமல் ராஜினாமாவும் வேண்டாம், விளக்கக் கடிதமும் வேண்டாம். அவசரத்தில் எழுதிய மன்னிப்புக் கடிதம் ஒப்புதல் வாக்குமூலமாகப் படிக்கப்படும்.

நோட்டீஸ் காலம்: முழுதும் இருப்பதா, உடனே கிளம்புவதா

தேர்வு உங்கள் கையில் விடப்பட்டால், இந்த முடிவுக்கு நேரம் கொடுங்கள். மனநிலையை அதிகம் பாதிப்பது இதுதான்.

வேலை சம்பளத்தோடு வேறு ஐந்தையும் சேர்த்துத் தருகிறது என்றார் சமூக உளவியலாளர் மரீ யஹோதா: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், தன்னைவிடப் பெரிய ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், கட்டாயமாக ஏதாவது செய்துகொண்டிருப்பது. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூரின் துணி ஆலை மூடப்பட்ட பிறகு, 1930-களின் தொடக்கத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் அங்கே போய்ப் பார்த்தார்கள். வேலையில்லாதவர்களுக்கு நேரம் நிறைய இருந்தது, எனவே நிறையப் படித்திருப்பார்கள் என்றுதானே தோன்றும்? நூலகத்தில் இரவல் எடுத்த புத்தகங்கள் இரண்டு ஆண்டில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகம்கூடக் குறைந்திருந்தது, அடிக்கடி நின்று நின்று போனார்கள். நேரம் மட்டும் கையில் இருந்தால் அதை என்ன செய்வதென்று தெரியாமல் போகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான படம் கிடைக்காது.

ஆக, இருப்பதால் வரும் லாபம் இந்த ஐந்தும் ஒரே நாளில் அறுந்து போகாமல் மெல்லக் கழல்வது. விடைபெற அவகாசம் கிடைக்கிறது, வேலைகளை அடுத்தவர் கையில் தரும் ஒப்படைப்பு நேர்த்தியாக முடிகிறது, அலுவலக மெயில் இருக்கும்போதே தொடர்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம். நஷ்டம் வேறு விதம். முதல் வாரம் எல்லோரும் வந்து பேசுவார்கள். இரண்டாவது வாரம் மீட்டிங்குகளிலிருந்து பெயர் உதிரும். மூன்றாவது வாரம் கேன்டீனில் நீங்கள் வந்து உட்கார்ந்ததும் பேச்சு மாறும். யாருக்கும் உங்கள் மேல் வெறுப்பு இல்லை, என்ன பேசுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஐந்தில் "நோக்கம்", "அடையாளம்" இரண்டும் போன பிறகு வெறும் வருகைப் பதிவுக்காகப் போவது வீட்டில் இருப்பதைவிட வலிக்கும்.

உடனே கிளம்புவதில் கசப்பு வளர நேரம் இல்லை. வேலை தேட முழு நாளும் கிடைக்கும். ஆனால் பாதிப் பேரிடம் சொல்லிக்கொள்ளாமல் போன குறை நெஞ்சில் தங்கும், இரண்டாவது திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வெறுமை மொத்தமாக வந்து விழும்.

எங்கள் கருத்து: பெரும்பாலான வேலைகளுக்கு நல்ல ஒப்படைப்பு இரண்டு வாரத்தில் முடியும். நோட்டீஸ் ஒரு மாதமோ அதற்கு மேலோ இருந்தால், "ஒப்படைப்பு இந்தத் தேதியில் முடியும், மீதி நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுவியுங்கள்" என்று கேளுங்கள். சம்பளத்தை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே போவது, கையில் அடுத்த வேலை இருந்தால் மட்டும். உடனே வெளியே அனுப்பப்பட்டவர்கள், பத்து நாளுக்குள் நெருக்கமான நான்கைந்து பேரை வெளியில் ஓரிடத்தில் சந்திக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பத்து நாள் என்று சொல்வது, அதற்கு மேல் போனால் அழைப்பதற்கே கூச்சம் வந்துவிடும் என்பதால்.

ஒப்படைப்பு: முழுதாகவா, பெயருக்கா

பெயருக்குச் செய்வது ஒரு பழிவாங்கல் போலத் தோன்றும். ஆனால் அந்தப் பழி உங்களை நீக்கிய அதிகாரியின் தலையில் விழாது. பக்கத்து இருக்கைக்காரர்தான் இரவு உட்கார்ந்து உங்கள் கோப்புகளைத் தோண்டுவார். நாளை வேறு நிறுவனத்தில் உங்கள் பெயரைச் சொல்லக்கூடியவரும் அவரே.

அதற்காக எல்லாவற்றையும் எழுதித் தள்ளவும் வேண்டாம். நாற்பது பக்க ஆவணத்தை யாரும் திறப்பதில்லை. நான்கு பக்கத்துக்குள் முடியுங்கள். நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து விவரம் போதும்: இப்போது எங்கே நிற்கிறது, அடுத்து செய்ய வேண்டியது என்ன, யார் காத்திருக்கிறார், எந்தத் தேதிக்குள், கோப்பு எங்கே இருக்கிறது. ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "மார்ச் மாத விற்பனை அறிக்கை. வரைவு முடிந்தது. கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு எண்கள் வர வேண்டும், வியாழன் கேட்டிருக்கிறேன். 28-ஆம் தேதி தலைமைக்குப் போக வேண்டும். பொதுக் கோப்புறையில் 'அறிக்கைகள்' என்பதற்குள் உள்ளது." இதில் யார் தாமதம் செய்தார் என்று புகார் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒப்படைப்பு ஆவணத்துக்குள் போடும் ஒரே ஒரு குத்தல் வரிதான் பல வருடம் பலரால் படிக்கப்படும்.

"எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். பெருந்தன்மையாகத் தோன்றும், மூன்று மாதம் சம்பளம் இல்லாத வேலையாக முடியும். "கடைசி நாளிலிருந்து இரண்டு வாரம், சந்தேகம் இருந்தால் மெசேஜ் போடுங்கள், அன்று மாலை பதில் தருகிறேன்" என்பது போதும்.

லேப்டாப் விஷயத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, வாடிக்கையாளர் பட்டியலையோ தான் எழுதிய நிரலையோ சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்வது. இது பெரும்பாலும் பதிவாகும், இழப்பீட்டையே நிறுத்தக் காரணமாகும். மற்றொன்று, கோபத்திலோ வெட்கத்திலோ எல்லாவற்றையும் அழிப்பது. வேலைக் கோப்புகளை அழித்தால் அது சேதம் விளைவித்ததாகப் பார்க்கப்படலாம். சொந்தப் புகைப்படங்கள், சம்பளச் சீட்டுகள், பாராட்டுக் கடிதங்கள், நியமனக் கடிதம் ஆகியவற்றை அனுமதியோடு எடுத்துக்கொள்ளுங்கள், வேறெதையும் தொட வேண்டாம். அப்புறம், பலரும் மறப்பது: வங்கி, காப்பீடு, லிங்க்ட்இன் போன்றவற்றை அலுவலக மெயிலிலோ அலுவலக எண்ணிலோ பதிந்து வைத்திருந்தால் முதல் நாளே மாற்றுங்கள். மெயில் முடக்கப்பட்ட பிறகு ஓடிபி எங்கே வரும்?

கோபம்: கொட்டுவதா, விழுங்குவதா, எழுதுவதா

கொட்டினால் ஆறிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியிருந்தது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் குறைந்திருந்தது. நண்பர்களோடு உட்கார்ந்து மேலாளரைத் திட்டுவதும் ஏறத்தாழ அதே குத்துப்பைதான். ஒரு முறை நிம்மதி தரும். நான்காவது முறை அதே கதையைச் சொல்லும்போது, கேட்பவரும் சேர்ந்து எண்ணெய் ஊற்றுவார், தூக்கம் இன்னும் கெடும்.

விழுங்குவதும் உதவாது. அது நேர்காணலில் வந்து நிற்கும். "அங்கிருந்து ஏன் வந்தீர்கள்" என்ற சாதாரணக் கேள்விக்கு ஐந்து நிமிடப் பதில் வந்தால், உள்ளே இருப்பது வெளியே வழிகிறது என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

மூன்றாவது வழி எழுதுவது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் இரு சக ஆய்வாளர்களும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை இழந்த தொழில்முறை ஊழியர்களில் ஒரு பிரிவினரைத் தொடர்ந்து ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம், வேலை போனதைப் பற்றி உள்ளத்தில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதியவர்களில் அதிகம் பேர் அடுத்த சில மாதங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விண்ணப்பித்ததாகவோ அதிகமாகப் போன் செய்ததாகவோ தெரியவில்லை. தேடும் அளவு அதேதான், தேடியவரின் மனநிலைதான் வேறாக இருந்திருக்க வேண்டும்.

செய்யும் முறை எளிது. தாளில் எழுதுங்கள், அலுவலகக் கணினியில் வேண்டாம், மெயில் வரைவாகவும் வேண்டாம் (விரல் தவறி அனுப்பிவிடும் அபாயம் கதையல்ல). பிழை பார்க்காதீர்கள், நிறுத்தாதீர்கள், 20 நிமிட அலாரம் அடித்ததும் மூடிவிடுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். முதல் இரண்டு நாள் எழுதி முடித்ததும் மனம் இன்னும் கனக்கும், அதைப் பார்த்து விட்டுவிடுபவர்கள் அதிகம். ஐந்தாம் நாள் கிழித்துப் போடலாம், வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. முகவரி எழுதிய கடிதமாக மட்டும் அது ஆகிவிடக் கூடாது.

யாரிடம், எப்போது

வீட்டில் அன்றைக்கே சொல்லுங்கள். மறைத்தால் காலையில் கிளம்பி எங்கேயாவது உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்பும் நாடகம் தொடங்கும். வேலை போனதைவிட அந்த நாடகம்தான் பிறகு உறவில் உறுத்தும். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் மூன்று வாக்கியம் போதும்: "இன்னைக்கு என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. இந்த மாசச் சம்பளமும் ஒரு தொகையும் வரும். இப்போதைக்கு நீ ஒண்ணும் பண்ண வேணாம், நாளைக்குக் காலைல சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்." சேதி, கையில் இருப்பது, அடுத்து நடப்பது. குழந்தைகளுக்கு இன்னும் சுருக்கமாக. "நம்ம வீட்டில் எது மாறாது" என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் கேட்க நினைத்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

உறவினர் வட்டம் பொறுத்திருக்கலாம். தினமும் "ஏதாவது கிடைச்சுதா" என்று கேட்கக்கூடியவர்களுக்கு அடுத்த வேலை கிடைத்த பிறகு சொன்னாலும் குற்றமில்லை.

தூரத்துப் பழக்கங்களுக்கோ சீக்கிரம் சொல்ல வேண்டும், இங்கேதான் கூச்சம் நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1970-களில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் விசாரித்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6, அரிதாகப் பார்த்தவர்கள் 27.8. காரணம் சிக்கலானதல்ல: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஐந்து வருடம் முன்பு பக்கத்துக் குழுவில் இருந்தவருக்குத் தெரிந்ததுதான் புதுச் சேதி. அவருக்கு எழுதுவது "உதவி செய்யுங்கள்" என்று இருக்க வேண்டாம். "எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள், இன்ன வேலை தேடுகிறேன், உங்கள் பக்கம் யாரிடம் பேசினால் விவரம் தெரியும்?" என்று கேட்டால் அவருக்கும் பதில் சொல்ல எளிது.

சமூக வலைத்தளத்தில் எல்லோரும் பார்க்கும் பதிவு? ஒரு வாரம் போகட்டும். முதல் நாள் எழுதியதில் காயம் தெரியும், எட்டாம் நாள் எழுதியதில் என்ன வேலை தேடுகிறீர்கள் என்பது தெரியும். வேலை தருபவருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

எக்ஸிட் இன்டர்வியூவும் கடைசி மெயிலும்

போகும் முன் எச்ஆர் கருத்துக் கேட்கும் எக்ஸிட் இன்டர்வியூவில் மனம் திறந்து கொட்டினால் நிறுவனம் திருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் மேல் எடுத்த முடிவும் மாறாது. நடைமுறை பற்றி ஒரே ஒரு உருப்படியான கருத்து, ஆளைப் பற்றி எதுவும் இல்லை, பத்து நிமிடத்தில் எழுந்துவிடலாம். விதிவிலக்கு உண்டு: பாலியல் தொல்லை, பண மோசடி, உயிருக்கு ஆபத்தான பாதுகாப்புக் குறைபாடு. இவற்றை அரட்டையில் சொல்லி வீணாக்காமல், தேதியோடு எழுத்துப்பூர்வப் புகாராகக் கொடுங்கள்.

கடைசி மெயில் அனுப்புவதா, சத்தமில்லாமல் போவதா? அனுப்புங்கள், ஆனால் சின்னதாக. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993-ல் ஒரு சோதனை செய்தார்கள். 14 டிகிரி குளிர்நீரில் 60 நொடி கையை வைத்திருக்க வேண்டும்; இன்னொரு முறை அதே 60 நொடியோடு, நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும் 30 நொடியும் சேர்த்து. மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு சற்று இதமாக இருந்தால் மொத்த நினைவும் அதன் நிறத்தை எடுத்துக்கொள்கிறது. சக ஊழியர்கள் உங்களை நினைப்பதற்கு மட்டுமல்ல, அந்த வருடங்களை நீங்கள் நினைத்துப் பார்ப்பதற்கும் இது பொருந்தும்.

"நண்பர்களுக்கு, வெள்ளிக்கிழமை என் கடைசி நாள். ஆறு வருடம் இந்தக் குழுவில் இருந்தேன். புதிய கிடங்கு திறந்த வாரம் எல்லோரும் சேர்ந்து விடிய விடிய வேலை பார்த்தது மறக்காது. என் வேலைகளின் விவரம் பொதுக் கோப்புறையில் இருக்கிறது. என் சொந்த எண் கீழே, தொடர்பில் இருப்போம்." இவ்வளவுதான். காரணம் இல்லை, நிறுவனத்துக்கு மேலோட்டமான புகழாரமும் இல்லை, குறிப்பிட்ட ஒரு நினைவு மட்டும். பெறுநர்களை மறைமுகப் பட்டியலில் (பிசிசி) போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது "எல்லோருக்கும் பதில்" அழுத்தி உங்களுக்காக எதையாவது பேசி வைப்பார்கள். கடைசி நாள் மாலை என்று வைத்துக்கொள்ளாமல் காலையிலேயே அனுப்புங்கள். மெயில் எத்தனை மணிக்கு முடக்கப்படும் என்பது உங்கள் கையில் இல்லை.

ஓய்வா, உடனே தேடலா

கையிருப்பை மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். மூன்றுக்குக் கீழே வந்தால் முதல் வாரமே தேடல். ஆறுக்கு மேல் என்றால் இரண்டு வாரம் ஓய்வு எடுக்கலாம், முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு. தேதி குறிக்காத ஓய்வு மரியன்தால் தெருவில் கொண்டுபோய் விடும். இடையில் இருந்தால் ஒரு வாரம். எந்த நிலையிலும் உதவித்தொகைக்கும் காப்பீட்டுக்கும் பதிவு செய்வதை ஓய்வுக்குப் பிறகு என்று வைக்காதீர்கள், அவற்றுக்கெல்லாம் கெடு உண்டு.

தேடல் தொடங்கியதும் நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். எட்டு மணி நேரம் திரையைப் பார்த்தால் விண்ணப்பங்களின் எண்ணிக்கை கூடும், தரம் விழும். மிகவும் விரும்பும் நிறுவனத்துக்கு முதல் வாரத்தில் விண்ணப்பிக்காதீர்கள். குரலில் இன்னும் கசப்பு இருக்கும். முதல் இரண்டு நேர்காணல்கள் அவ்வளவு முக்கியமில்லாத இடங்களில் இருக்கட்டும். "ஏன் வந்தீர்கள்" என்பதற்கு இரண்டே வாக்கியம் எழுதி, சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பழகுங்கள்: "நிறுவனம் அந்தப் பிரிவைக் குறைத்தது, அதில் என் பதவியும் போனது. அங்கே கற்ற இன்ன விஷயத்தை இங்கே பயன்படுத்த விரும்புகிறேன்." இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு நிறுத்த வேண்டும். அமைதியை நிரப்ப மூன்றாவதைச் சேர்க்கும்போதுதான் கசப்பு உள்ளே நுழைகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களில் வேலை இழந்தவர்களுக்கென உருவாக்கிய பயிற்சியில், தேடும் திறனோடு நிராகரிப்புக்கு முன்கூட்டியே தயாராவதையும் ஒரு பாடமாக வைத்திருந்தார்கள். அதை வீட்டிலேயே செய்யலாம். "மூன்று வாரமாகப் பதில் இல்லை என்றால் என்ன செய்வேன்", "இறுதிச் சுற்றில் வேண்டாம் என்றால் அன்று மாலை யாரோடு இருப்பேன்" என்று இப்போதே எழுதி வைப்பது. அடி விழுந்த அன்று யோசிக்கத் தெம்பு இருக்காது.

ஒரு எல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், எழுந்திருக்கவே முடியாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், அது வேலை தேடும் பிரச்சினை அல்ல. குடி கூடினாலும் அப்படியே. சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே பக்கத்தில் உள்ள ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்

சின்ன விஷயம்தான், ஆனால் எல்லோரும் கேட்கிறார்கள். கடைசி நாளே வெளியேறினால் "இன்னார் வெளியேறினார்" என்ற வரி கதவை அறைந்தது போல் தெரியும். இருந்தால், உங்கள் நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பதுவரை தினமும் படிக்க நேரும். வேலைக்கான குரூப் என்றால் கடைசி நாளே ஒரு வரி நன்றி சொல்லிவிட்டு வெளியேறுங்கள், அதில் இருப்பது நிறுவனத்துக்கும் சங்கடம். நண்பர்களின் குரூப் என்றால் சத்தத்தை நிறுத்தி, ஆர்கைவில் போட்டுவிட்டு, ஒரு மாதம் திறக்காதீர்கள். பிறகு ஒருநாள் திறந்து பார்க்கும்போது அங்கே பேசுவது பெரும்பாலும் யாருடைய பிறந்தநாள், லிஃப்ட் எப்போது சரியாகும் என்பதாகத்தான் இருக்கும். அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.